எம்ஜிபி ஸ்டீயரிங்கை வீட்டிலேயே பிரித்து மாட்டிய அனுபவம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் யாரிடமாவது "ஸ்டீயரிங் லூசா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் "ரேக்கை மாத்திடு" என்பார்கள் (ஸ்டீயரிங் சுற்றுவதை இடம் வலம் நகர்வாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் பல்சட்ட அமைப்புதான் ரேக்). என் எம்ஜிபிக்கும் அதே மருந்துதான் சொன்னார்கள். நேரான சாலையில் போகும்போதே ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், திருப்பத்தில் முதல் இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றுமே நடக்காது, அதற்கப்புறம் திடீரென்று கார் விழித்துக்கொள்ளும். கேட்டால் ரேக்தான் என்று தோன்றும். ஆனால் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தபோது ரேக்கின் பங்கு ரொம்பக் குறைவு. பெரும்பாலான ஆட்டம் கிங் பின்னில் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) இருந்தது, மிச்சம் ஸ்டீயரிங் தண்டின் அடியில், அதைக் கோணத்தில் ரேக்கோடு இணைக்கும் யுனிவர்சல் ஜாயிண்டில். அந்த ஜாயிண்ட் தேய்ந்ததற்குக் காரணம், எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காலத்தில் யாரோ ரேக்கைக் கோணலாக மாட்டியது. புது ரேக் வாங்கிப் போட்டிருந்தால் காசும் போயிருக்கும், ஆட்டமும் அப்படியே இருந்திருக்கும்.

காரைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரானது, ஐந்து லட்சத்துக்கும் மேல். அதனால் உதிரி பாகம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, அதில் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஸ்டீயரிங் எளிமையான ரேக் அண்ட் பினியன், பவர் ஸ்டீயரிங் எதுவும் கிடையாது. ஒன்றை மட்டும் ஆர்டர் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்: 1974-இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது காரின் உயரம் ஏற்றப்பட்டது, முன்பக்கக் குறுக்குச் சட்டமும் ரேக்கும் மாறின. குரோம் பம்பர் காரின் ரேக்கை ரப்பர் பம்பர் காரில் அப்படியே தூக்கி வைக்க முடியாது. "எம்ஜிபி ரேக் ஒன்று" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள், வருடத்தையும் சேசிஸ் நம்பரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஆட்டம் எங்கே என்று தேடுங்கள். இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், அதில் ஒரு நிமிடம்கூட வீணில்லை. சக்கரங்கள் தரையில், இன்ஜின் அணைத்து, பானெட் திறந்து. தம்பியை உள்ளே உட்காரவைத்து, சக்கரம் திரும்பாத அளவுக்கு ஸ்டீயரிங்கை மெதுவாக இடம் வலம் ஆட்டச் சொன்னேன். "இவ்வளவுதானாண்ணா? இன்னும் வேகமா ஆட்டவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வேண்டாம், மெதுவாகத்தான். கண்ணால் தேடினால் எல்லாம் சேர்ந்து அசைவதுபோலத் தெரியும், ஒன்றும் புரியாது. கைதான் சரி. ஒவ்வொரு ஜாயிண்டிலும் கட்டைவிரல் இந்தப் பக்கப் பாகத்தின் மேல், ஆள்காட்டி விரல் அந்தப் பக்கப் பாகத்தின் மேல். இரண்டும் ஒன்றாக நகர்ந்தால் அந்த ஜாயிண்ட் நல்லது. ஒரு விரல் முந்தி இன்னொன்று பிந்தினால் ஆட்டம் அங்கே இருக்கிறது. மேலிருந்து கீழே வரிசையாகப் போங்கள்: யுனிவர்சல் ஜாயிண்ட், பினியன் தண்டு, ரேக்கைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்கள், ரேக்கின் முனையை மூடும் மடிப்பு உறையான ரப்பர் பூட்டுக்குள் இருக்கும் உள் பால் ஜாயிண்ட் (பூட்டை அழுத்திப் பிடித்தாலே தெரியும்), வெளியே டை ராடு எண்ட் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை). ரேக்கே முழுசாகச் சட்டத்தின் மேல் நகர்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். நான்கு போல்ட்களில் ஒன்று தளர்ந்திருந்தால் போதும், மற்றதெல்லாம் புதிதாக இருந்தும் பிரயோஜனமில்லை.

அடுத்தது ஜாக்கி சோதனை. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங் பின்னாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு: உள்ளே இருப்பவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் அல்லது அதன் அடி புஷ்கள் (பின் சுழலும் உலோக உறைகள்). என் காரில் பிரேக் போட்டும் இரண்டு பக்கமும் 'டக் டக்' என்று சத்தம் வந்தது. இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது வரும் ஆட்டம் மட்டும்தான் டை ராடு, ரேக் பக்கத்துச் சங்கதி.

பிரிக்கும் வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்றே ஒன்று, அது சுருள் ஸ்பிரிங். எம்ஜிபியில் ஷாக் அப்சார்பரின் கைதான் மேல் ஆர்மாகவும் வேலை செய்கிறது. மேல் போல்ட்டைக் கழற்றினால் அழுந்திக் கிடக்கும் ஸ்பிரிங்கை அப்புறம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் ஜாக்கி வைத்து, பாரத்தை அது வாங்கிய பிறகுதான் அந்தப் போல்ட்டில் கை வைக்க வேண்டும். ஜாக்கியை இறக்கும்போதும் மெதுவாக, முகத்தையும் காலையும் தள்ளி வைத்து. அதேபோல ஸ்டீயரிங் வீலைக் கழற்றும்போது நட்டை முழுசாக எடுத்துவிடாமல் இரண்டு மூன்று மரை பிடித்தபடி விட்டுவிட்டு இழுங்கள். இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் வீல், வரும்போது நேராக மூக்குக்கு வரும்.

டை ராடு எண்ட் ஸ்டீயரிங் ஆர்மில் கூம்பாக இறுகியிருக்கும். கவட்டை மாதிரி இருக்கும் கருவியை இடையில் அடித்து ஏற்றினால் கழன்றுவிடும், ஆனால் ரப்பர் கிழிந்துபோகும். திரும்ப மாட்டப்போகிற பாகம் என்றால் இரண்டு சுத்தியல் முறைதான் நல்லது: ஆர்மின் கண் பகுதிக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் சுளீரென்று ஒரு அடி. போல்ட்டின் நுனியில் அடிக்கக் கூடாது, மரை நசுங்கும். நட்டைக் கொஞ்சம் தளர்த்தி அப்படியே விட்டு வையுங்கள். லாக் நட்டிலிருந்து ஜாயிண்டின் மையம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மரையை எண்ணி வைப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் புது ஜாயிண்டின் நீளம் பழையதைப் போலவே இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

இனி கிங் பின். இதில்தான் என் காரின் பெரும்பாதி வியாதி. ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள் உண்டு, அடிக்கடி கிரீஸ் கன் பிடிக்க வேண்டிய வடிவமைப்பு இது. பிடிக்கும்போது முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் பாரம் தாங்கும் முகங்களுக்கு நடுவில் கிரீஸ் போகும். என் காரில் கீழ் நிப்பிள் இரண்டும் காய்ந்த கிரீசும் மண்ணும் சேர்ந்து கல்லாகி அடைத்துக் கிடந்தன, வெளியே மட்டும் பளபளவென்று புது கிரீஸ் பூசியிருந்தது. எத்தனையோ வருடமாக கன்னை வைத்து அழுத்தியவர்கள் யாரும் அது உள்ளே போகிறதா என்று பார்க்கவே இல்லை. பின்னைத் துடைத்தபோது அடிப்பகுதியில் விரல் நகம் சிக்கும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. (டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்துவிடாதீர்கள். அந்தக் காரில் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான டிரன்னியனுக்கு கிரீஸ் இல்லை, ஈபி 90 கியர் ஆயில்தான்.)

கிங் பின்னின் கீழ் போல்ட் துருப்பிடித்து, அது நுழையும் நடுக்குழாயோடு ஒன்றாகிவிட்டிருக்கும். எல்லா எம்ஜிபியிலும் இதே கதைதான். துரு இளக்கும் எண்ணெய், சூடு, சுத்தியல் என்று வரிசையாக எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ஆக்ஸா பிளேடால் இரண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுத்தேன். அந்த போல்ட்டும் குழாயும் எப்படியும் புதிதாகப் போடுபவைதான், அதனால் அவற்றைக் காப்பாற்ற அரை நாள் மல்லுக்கட்டத் தேவையில்லை. நேராக அறுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. புதிதாக மாட்டும்போது போல்ட் முழுக்க கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை கழற்றப்போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

புஷ் மாற்றும் வேலையில் மட்டும் வீட்டு வேலைக்கு ஒரு எல்லை இருக்கிறது. பழைய புஷ்ஷை எடுப்பதும் புதியதை வைஸில் வைத்து அழுத்துவதும் வீட்டிலேயே முடியும். புஷ்ஷில் இருக்கும் ஓட்டை நிப்பிள் ஓட்டைக்கு நேராக வருகிறதா என்று அழுத்தும் முன்பே குறி போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், தவறினால் கிரீஸ் போக வழியே இல்லை. அழுத்திய பிறகு உள்விட்டத்தை ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகச் செதுக்கும் கருவி) போட்டுச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும், மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில். தனித்தனியாகக் கையால் ரீமர் ஓட்டினால் இரண்டும் ஒன்றுக்கொன்று லேசாகச் சாய்ந்துபோகும், கிங் பின் உள்ளே போகும் ஆனால் இறுகும். வழிகாட்டித் தண்டு உள்ள ரீமர் இல்லாவிட்டால் லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். கையோடு கிங் பின்னையும் கொடுத்து, "இந்தப் பின்னுக்கு அளந்து ஓட்டுங்க" என்று சொல்லுங்கள். திரும்பி வந்ததும் எண்ணெய் தடவிய கிங் பின் தன் பாரத்தில் மெதுவாக இறங்க வேண்டும். தடதடவென்று விழுந்தால் லூஸ், தட்டினால்தான் இறங்கும் என்றால் டைட்.

டைட்டாக இருந்தால் நாளடைவில் பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் காரின் காஸ்டர் கோணம் (கிங் பின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம்) 7 டிகிரி, திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது அதனால்தான். கிங் பின் இறுகியிருந்தால் அந்தச் சக்தி முழுக்க உராய்விலேயே போய்விடும், ஸ்டீயரிங் விட்ட இடத்திலேயே நிற்கும், அதை ஓட்டுவது லூசான ஸ்டீயரிங்கை ஓட்டுவதைவிட எரிச்சல். மேல்கீழ் அசைவைச் சரிசெய்ய வெவ்வேறு தடிமனில் வாஷர்கள் கிடைக்கும். தடங்கலில்லாமல் திரும்பவும் வேண்டும், தூக்கினால் அசைவு தெரியவும் கூடாது. பொறுமையாக மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ரேக்குக்கு வருவோம். கழற்றும்போது கவனிக்க வேண்டியது, யுனிவர்சல் ஜாயிண்டைப் பிடிக்கும் குறுக்குப் போல்ட். அது தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தளர்த்தினால் மட்டும் போதாது, முழுசாக வெளியே எடுக்க வேண்டும். இது தெரியாமல் தண்டைச் சுத்தியலால் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ரேக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி நிரப்பும் மெல்லிய ஷிம் தகடுகள் இருந்தால் எந்தப் போல்ட்டுக்கு எத்தனை என்று தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். என் காரில் கழற்றியபோது ஒரு தகடும் இல்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

பூட்டைக் கழற்றியதும் தட்டில் வடிந்தது எண்ணெய் இல்லை, தண்ணீர் கலந்த பழுப்பு நிறக் கிரீஸ். இந்த ரேக் எண்ணெயில் ஓட வேண்டியது, ஈபி 90, சுமார் 0.19 லிட்டர். கிரீஸ் போட்டால் பல்சட்டம் அதை இரண்டு ஓரத்துக்கும் தள்ளிவிடும், பினியன் பக்கம் அது திரும்பி வராது. எண்ணெய் என்றால் தானாக ஓடி வரும். அதற்காக நிறைய ஊற்றினாலும் ஆபத்து: ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பும்போது எண்ணெய் அந்தப் பக்கப் பூட்டுக்குள் பாய்ந்து அதைக் கிழித்துவிடும். ரேக் வெளியே இருக்கும்போதே செங்குத்தாக நிறுத்தி, மேல் பூட் வழியாக அளந்து ஊற்றி, பல்சட்டத்தை மேலும் கீழும் ஓட்டிவிட்டால் வேலை சுலபம்.

தண்ணீர் இருந்தும் பல்லில் துரு ஏறவில்லை, அதிர்ஷ்டம்தான். உள் பால் ஜாயிண்டுக்கு எளிய சோதனை: ரேக்கை வைஸில் பிடித்து டை ராடைக் கிடைமட்டமாகத் தூக்கி விடுங்கள். தன் பாரத்தில் தொப்பென்று விழுந்தால் தேய்ந்துவிட்டது, விறைப்பாக அங்கேயே நின்றால் நல்லது. நல்லதாக இருந்தால் பிரிக்காதீர்கள். அதன் லாக் வளையம் அடித்து மடக்கப்பட்டது, ஆர்வக்கோளாறில் பிரித்தால் அதைப் பழையபடி இறுக்கி மடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பினியனுக்கு எதிரே, ஒரு மூடிக்கு உள்ளே, ஸ்பிரிங்கோடு ஒரு கட்டை இருக்கும். பல்சட்டத்தைப் பினியனோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம்களைக் குறைத்தால் இறுகும். இங்கே ஒரு முக்கியமான விஷயம். கார் வாழ்நாளின் பெரும்பகுதி நேராகத்தான் போகிறது, அதனால் பல்சட்டத்தின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். நடுவில் இருக்கும் ஆட்டத்தை ஒட்டுமொத்தமாகப் போக்க ஷிம்மை எடுத்தால், தேயாத ஓரங்களில் ரேக் சிக்கும். முழுசாகத் திருப்பிய ஸ்டீயரிங் அங்கேயே இறுகி நின்றுவிடும் என்றால் யோசித்துப் பாருங்கள். அதனால் எங்கே அதிகமாக இறுகுகிறதோ அந்த இடத்தில் தடங்கலில்லாமல் ஓடும்படி ஷிம்மை முடிவு செய்துவிட்டு, நடுவில் மிஞ்சும் ஆட்டத்தை அளக்க வேண்டும். பினியன் தண்டில் ஒரு பழைய குடைக்கம்பியைக் கட்டி முள் மாதிரி நீட்டிவிட்டு, பல்சட்டத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு தண்டை ஆட்டிப் பார்த்தேன். கம்பியின் நுனி கொஞ்சம்தான் நகர்ந்தது. இந்த ரேக்கைத் தூக்கிப்போட வேண்டியதில்லை என்று முடிவானது அங்கேதான். நடுவில் கம்பி தாராளமாக ஆடி, ஓரத்தில் இறுகினால் அந்த ரேக்கின் ஆயுள் முடிந்தது, எந்த ஷிம்மும் காப்பாற்றாது. ரேக்குக்குப் பதில் ஸ்டீயரிங் பாக்ஸ் உள்ள பழைய கார்களிலும் இதே நியாயம்தான்.

சரி, யுனிவர்சல் ஜாயிண்ட் தேய்ந்ததற்கு மூலமான கோணல் விஷயம். ஸ்டீயரிங் தண்டு ஒரு கோணத்தில் வருகிறது, பினியன் தண்டு இன்னொரு கோணத்தில் வருகிறது. இரண்டின் மையக்கோடும் யுனிவர்சல் ஜாயிண்டின் நட்டநடு மையத்தில் சந்திக்க வேண்டும். சந்திக்காமல் சில மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் கையில் ஸ்டீயரிங் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் இளகும், ஜாயிண்டின் நடுவில் இருக்கும் சிலுவை வடிவ ஸ்பைடர் சீக்கிரமே தேய்ந்துபோகும். என் காரில் ஸ்பைடரின் ஒரு கை மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, பேரிங் ஊசிகள் பதிந்த தடம் கண்ணுக்கே தெரிந்தது. இதைச் சரிபார்க்கத் தொழிற்சாலைக் கையேடு கூர்முனை உள்ள ஒரு தனிக் கருவியைச் சொல்கிறது. நான் லேத் பட்டறைக்காரரிடம் சொல்லி, இரண்டு நைலான் துண்டுகளைக் கூம்பாகக் கடைந்து வாங்கினேன், ஒன்று மேல் தண்டின் முனையில் செருக, மற்றது பினியன் தண்டில் செருக. ஜாயிண்டின் மையம் எங்கே வருமோ அங்கே இரண்டு கூர்முனையும் வரும்படி நீளம். ஜாயிண்ட் இல்லாமல் ரேக்கை உட்காரவைத்து, தண்டின் மேல் பிடிப்புப் போல்ட்களைத் தளர்த்தி விட்டு, இரண்டு முனையும் ஒன்றையொன்று முத்தமிடும் வரை தண்டை நகர்த்த வேண்டும், மிச்ச வித்தியாசத்துக்கு ரேக்கின் அடியில் ஷிம் கொடுக்க வேண்டும். முதலில் வைத்துப் பார்த்தபோது பினியன் பக்க முனை தெளிவாகக் கீழே இருந்தது. ஷிம் போட்டுத் தூக்கி, எல்லாம் இறுக்கிய பிறகு மறுபடியும் பார்த்தேன், ஏனென்றால் இறுக்கும்போதே ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் புது ஸ்பைடர் போட்ட ஜாயிண்டை மாட்டினேன். வேறு ஒரு ஸ்பேனர் வேலையையும் செய்யாமல் இதை மட்டும் செய்திருந்தால்கூட ஸ்டீயரிங் பாதி குணமாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

புது பாகங்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். வாங்கிய டை ராடு எண்ட்களில் ஒன்றின் ரப்பர், கார் தெருவுக்கு இறங்கும் முன்பே வெடிப்பு விட்டது. இன்னொரு கடையில் வாங்கிய ரேக் பூட் தொட்டாலே பிளாஸ்டிக் மாதிரி இருந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். பழைய பாகத்தைப் புதியது வேலை செய்து காட்டும் வரை குப்பையில் போடாதீர்கள். பழைய ஜாயிண்டில் ஆட்டம் இல்லை, ரப்பர் மட்டும்தான் போய்விட்டது என்றால் நல்ல ரப்பர் வாங்கி மாட்டி அதையே ஓட்டலாம். கூம்பு முகங்களை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நட்டை இறுக்கும்போது ஜாயிண்டின் பின்னும் சேர்ந்து சுற்றினால் அடியில் ஜாக்கி கொடுத்து லேசாக அழுத்துங்கள், கூம்பு பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக அலைன்மெண்ட். முதலில் ரேக்கை நட்டநடுவில் நிறுத்த வேண்டும்: ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எவ்வளவு நகர்கிறது என்று அளந்து அதில் பாதி. அந்த நிலையில் ஸ்டீயரிங் வீலை நேராக மாட்டி, இரண்டு டை ராடிலும் சமமாக மரை தெரியும்படி வைத்து ஆரம்பியுங்கள். ஓட்டும்போது வீல் கோணலாக இருந்தால் வீலைக் கழற்றிப் பல் மாற்றி மாட்டுவது குறுக்கு வழி, அப்படிச் செய்தால் ரேக் நடுவிலிருந்து தள்ளி நிற்கும், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். டை ராடில்தான் சரிசெய்ய வேண்டும், ஒரு பக்கம் எவ்வளவு உள்ளேயோ மறுபக்கம் அவ்வளவு வெளியே.

டோ-இன் 1.5 முதல் 2.3 மில்லிமீட்டர், அதாவது இரண்டு முன்சக்கரங்களும் முன்னால் அந்த அளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும். ரிம் கொஞ்சம் கோணலாக இருந்தால் அளவு ஏமாற்றும். அதனால் ரிம்மின் பின்பக்கத்தில் அச்சு உயரத்தில் சாக்பீஸ் குறி போட்டு அளந்து, சக்கரம் அரைச் சுற்று சுற்றும் வரை காரை முன்னால் தள்ளி, முன்பக்கம் வந்துவிட்ட அதே குறியில் மறுபடியும் அளக்க வேண்டும். காரைப் பின்னால் தள்ளி அளக்காதீர்கள், ஜாயிண்டுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்ளும். நூல் கட்டி அளப்பவர்கள் முன் பின் அச்சுகளின் அகலம் சமமில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூலைப் பின்சக்கரத்தில் ஒட்டிப் பிடிக்காமல், காரின் மையத்துக்கு இணையாக ஸ்டாண்டுகளில் கட்ட வேண்டும்.

முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில், நடை வேகத்தில், இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் எங்கும் உரசக் கூடாது. திருப்பத்தில் கையை இளக்கினால் வீல் தானாக நேருக்கு வர வேண்டும். என் கார் இப்போது கையில் கொடுக்கும் கனம் பழைய கனம்தான், பவர் ஸ்டீயரிங் பழகியவர்களுக்கு பார்க்கிங்கில் தோள் வலிக்கும், ஆனால் நடுவில் செத்துக் கிடந்த அந்த இரண்டு விரல் அகலம் போய்விட்டது. ஒன்றிரண்டு ஓட்டத்துக்குப் பிறகு ரேக்கின் நான்கு போல்ட், யுனிவர்சல் ஜாயிண்டின் குறுக்குப் போல்ட்கள், டை ராடு லாக் நட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். எனக்கு ஒரு லாக் நட் கால் சுற்று வாங்கியது. புது கிங் பின்னுக்கு முதல் சில வாரங்கள் வழக்கத்தைவிட அடிக்கடி கிரீஸ் பிடியுங்கள், பழைய கிரீஸ் எல்லா ஓரத்திலிருந்தும் பிதுங்கி வெளியே வருகிறதா என்று பார்த்தபடி. ஒரு பக்கம் வரவில்லை என்றால் நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.